எடை வைக்காத பெட்டி

ஈயத் துண்டுகள் தட்டிலேயே கிடந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெட்டிக்குள் எடை வைக்காமலேயே கூரையை ஒட்டித் தொலைத்துவிட்டார்.

குட்டி ரயில் கட்டுகிறவர்கள் செய்யவே கூடாத தவறு அது. உள்ளங்கை நீளச் சரக்குப் பெட்டிக்குள் கொஞ்சம் ஈயம் இல்லாவிட்டால், தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் துள்ளிக் கவிழ்ந்துவிடும். எதற்கும் பார்ப்போமே என்று மேஜைமேல் பதித்திருந்த தண்டவாளத்தில் வைத்து விரலால் லேசாகத் தள்ளினார். பெட்டி கவிழவில்லை. ஆடக்கூட இல்லை. மூட்டை ஏற்றிய வண்டி போலக் கடகடவென்று கனத்த ஓசையோடு அந்த இடத்தைக் கடந்து, கடைசியில் நிதானமாக நின்றது.

அதிர்ஷ்டம்தான் என்று சிரித்துக்கொண்டார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அவர் பல் செட் செய்கிறவர். வாரமெல்லாம் அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்துவிட்டு, விடுமுறை நாளில் இந்தப் பெட்டிகளுக்கு அளவெடுப்பார். "வாயே இல்லாத ஒண்ணுகிட்டதான் உங்களுக்கு ஒட்டுது" என்று மனைவி கிண்டல் செய்வாள். போன முறை குட்டி ரயில் சங்கத்துக் கண்காட்சியில், சிக்னல் என்று எல்லோரும் கூப்பிடும் நண்பர் இவர் செய்த பெட்டியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, "என்ன சார், கதவு இடுக்குல வெளிச்சம் அடிக்குது? உள்ள கல்யாணமா?" என்று கேட்டுவிட்டார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அதனால்தான் இந்த முறை கதவை அசையாதபடி ஒட்டி, உள்பக்கம் முழுக்கப் பட்டி பூசி ஒவ்வோர் இடுக்கையும் அடைத்திருந்தார். துருக்கறை, சாக்பீஸ் கிறுக்கல், நசுங்கிய மூலை எல்லாம் அசல் போலவே. ஊசிமுனை வெளிச்சம்கூட உள்ளே போகாது.

பெட்டியைக் கையில் எடுத்தார். ஈயத்தை வைத்திருந்தாலும் இவ்வளவு கனம் வராது. மெல்லச் சாய்த்தார். உள்ளே ஏதோ ஒன்று ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சரிந்தது. பட்டி உதிர்ந்திருக்கும். கையை நேராகவே வைத்திருந்தார்.

சரிந்தது திரும்பி வந்தது. தானாக.

பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் தேங்கி நிற்க, பசை நெடியும் பெயின்ட் நெடியும் அறைக்குள் கனத்துக் கிடந்தன. குளிர்பதனப் பெட்டியின் முனகலும் குளியலறைக் குழாயின் சொட்டும்தான் கேட்டன. வேறு சத்தமே இல்லை. அந்த அமைதி எவ்வளவு நேரமாக இருக்கிறது என்று யோசித்தபடி அறைக் கதவுப் பக்கம் திரும்பினார்.

குட்டி எங்கே?

மதியச் சாப்பாடு முடிந்ததும் மகள் வந்து மேஜையோரம் நின்றாள். கூரை ஒட்டாத பெட்டிக்குள் கண்ணை விட்டுப் பார்த்தாள். "உள்ள யாருப்பா இருப்பாங்க?"

"யாரும் இருக்க மாட்டாங்க. சரக்குதான்."

"கதவு தெறக்குமா?"

"தெறக்காது. தொடாத, பட்டி இன்னும் காயல."

"வெளையாட வாங்கப்பா. வாங்கப்பா."

தொல்லை தாங்காமல் அவர் சொன்னார். எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். "சரி, நீ போய் ஒளிஞ்சுக்கோ. அப்பா வந்து கண்டுபிடிக்கறேன்."

"எங்க ஒளியட்டும்?"

"நான் கண்டுபிடிக்கவே முடியாத இடமா பாத்து ஒளி."

அவள் குதித்துக்கொண்டு ஓடினாள். இவர் குனிந்து கூரையை ஒட்டினார். தேடப் போகவே இல்லை.

இப்போது போனார். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குள், திரைச்சீலைக்குப் பின்னால், துணிக்கூடையில், குளியலறையில். மனைவி வெளியே போனதும் அவர் போட்ட வாசல் கதவின் மேல்தாழ் அப்படியே இருந்தது. அவளுக்கு அது எட்டாது. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. செருப்பு வாசலில் ஜோடியாக இருந்தது.

"குட்டீ!"

பதில் இல்லை. வராது என்று அவருக்கும் தெரியும். அவளுடைய ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. தேடுகிறவர் தோல்வியை வாய்விட்டு ஒப்புக்கொள்ளாதவரை வெளியே வரமாட்டாள், மூச்சுக்கூட விடமாட்டாள். ஒப்புக்கொண்டால் ஒளிந்த இடத்திலிருந்து இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு தட்டு. அதுதான் அவளுடைய வெற்றி முரசு.

கூடத்தின் நடுவில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்பா தோத்துட்டேன். வெளிய வாடா கண்ணு."

குழாய் சொட்டியது. மழை. பிறகு, அவருடைய வேலை அறையிலிருந்து, நகத்தால் தட்டுவதுபோல மிக மெல்லிய ஓசை.

டக் டக்.

டக்.

அறைக்குள் யாரும் இல்லை. பெட்டி தண்டவாளத்தின் இந்த முனைக்கு வந்து நின்றிருந்தது. அவர் விட்டுப்போன இடம் எதிர்முனை.

எடுத்துக் காதில் வைத்தார். பெயின்ட் நெடிக்கு ஊடே அவள் முகத்துக்குப் பூசும் பவுடர் வாசனை வந்தது. உள்ளே மூச்சு. குட்டிக் குட்டியாக. வேகமாக.

"குட்டி?"

டக் டக். டக்.

ஊசிமுனை வெளிச்சம்கூடப் போகாது என்று பெருமைப்பட்டாரே. காற்று மட்டும் எப்படிப் போகும்?

கத்தியை எடுத்தார். எங்கே வெட்டுவது? எந்த இடத்தில் அவள் இருக்கிறாள்? வாயைப் பெட்டியோடு ஒட்டிவைத்துச் சொன்னார். "அப்பா வெட்டப் போறேன். நசுங்கின மூலைக்குப் போயிடு. அங்கயே ஒதுங்கி உக்காரு. அசையாத, சரியா?"

உள்ளங்கையில் கனம் நகர்ந்தது. நசுங்கிய மூலைப் பக்கம். சொன்ன பேச்சைக் கேட்டது.

எதிர்ப்பக்கத்தில் கத்தியை இறக்கினார். பசை விடவில்லை. எதற்கும் அசையாத பசை என்று அவரே தேர்ந்தெடுத்தது. முனை ஒடிந்தது. பல் ராவும் மோட்டாரை எடுத்தார். அது இரைந்தது. பிளாஸ்டிக் தீய்ந்தது. புகை உள்ளே போகுமோ? நிறுத்தினார்.

டக் டக்.

காத்திருந்தார். மூன்றாவது தட்டு வரவில்லை.

"இதோ, இதோ வந்துட்டேன்."

மீண்டும் ராவினார். விரலில் பட்டது. ரத்தம். ராவினார்.

டக்.

பிறகு எதுவும் இல்லை. கூரை ஒரு பக்கம் பிளந்தது. நகத்தை விட்டுப் பெயர்த்தார். அப்போதே தெரிந்துவிட்டது. கையில் கனமே இல்லை. ஈயம் வைக்காத பெட்டி எப்படி இருக்கவேண்டுமோ அப்படி, வெறும் கூடாக, பஞ்சாக இருந்தது.

வாசலில் மணி அடித்தது. "ஏங்க, கதவத் தெறங்க. நனைஞ்சுட்டு நிக்கறேன்." மனைவியின் குரல். பிறகு அதே குரல், கொஞ்சலாக. "குட்டீ, அம்மா வந்துட்டேன். எங்கடா ஒளிஞ்சிருக்க?"

அவர் விளக்கை இழுத்துப் பெட்டிக்குள் பிடித்தார்.

காலி. கதவோரத்திலும் சுவரோரத்திலும் பட்டி பூசியது பூசியபடியே, வழவழவென்று இருந்தது. நசுங்கிய மூலையில் மட்டும், காயாத பட்டியில், அரிசிமணி அளவில் இரண்டு கைகள் பதிந்திருந்தன. பக்கத்துப் பக்கத்தில். பத்து விரலும் விரிந்து. அவற்றுக்கு நடுவே, நெற்றியைச் சாய்த்து வைத்த ஒரு சின்னப் பள்ளம்.

அந்த மூலையை விட்டு அவள் அசையவே இல்லை.

மணி மறுபடியும் அடித்தது.