நான்கு மீட்டரில் ஒரு சுவர்

சுவர் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

திரையில்தான். தூரம் நான்கு மீட்டர் என்று காட்டியது, அது மாறவேயில்லை. பக்கத்திலிருந்த அம்புக்குறி மட்டும், சுவர் விலகிப் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது என்றது.

திருமுருகன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்கு மேலே ஓர் அறை, ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர். அசைவையும் தூரத்தையும் மூளை கணிக்கும் விதத்திலேயே கணிக்கக் கற்றுக்கொடுத்த நிரல். முதலாளி மணவாளன் வழவழத் தாளில் ‘மனித மூளையின் மறுபிறவி’ என்றே அச்சடித்துவிட்டார். நாலு மணிக்கு வாங்குகிறவர்கள் வருகிறார்கள். சொதப்பினால் திருமுருகனுக்கு வேலை போகும். நாற்பத்தாறு வயதில், மூன்றாவது தடவையாக.

ஆயுதபூஜைக்கு எல்லா எந்திரத்துக்கும் ஓய்வு. மூளைக்கு ஏது ஓய்வு என்று மணவாளன் இதை மட்டும் ஓடவிட்டு, கேமராவின் நெற்றியில் சந்தனம் வைத்து, அறையைப் பூட்டச் சொன்னார். இரண்டு நாள் அது வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“செவுரு நகராதுன்னு எனக்கே தெரியுது, அதுக்குத் தெரியாதா?” என்றார் போனில். “கண்டுபிடிக்கிறவரைக்கும் எடத்த விட்டு எந்திரிக்காத.”

எழுந்திருக்கவில்லை. வாடிய சாமந்தியும் அணைந்த கற்பூரமும் வாசலில் உடைத்த பூசணியின் புளித்த நெடியும் கலந்து மூக்கில் ஏற, கீழே லேத் இடைவிடாமல் கிறீச்சிட, காலையிலிருந்து கண்கொட்டாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நிரலில் பிழை ஒன்றுமில்லை.

பன்னிரண்டு மணிவாக்கில் பொறி தட்டியது. கொரட்டூரில் ரயில் நின்றதும் பிளாட்பாரம் நகர்வதுபோல் தெரியுமே, அதுதான்! ஒரே திசை ஓட்டத்தைப் பார்த்துச் சலித்த கண், ஓட்டம் நின்றதும், நிற்பதை எதிர்த்திசையில் ஓட்டிப் பார்க்கும். மனிதக் கண்ணுக்கு வரும் அதே மயக்கம் எந்திரத்துக்கும் வந்துவிட்டது; அச்சடித்த பொய் உண்மையாகியிருந்தது. திருமுருகனுக்குச் சிரிப்பு வந்தது.

பாதியில் நின்றது.

சுவர் விலகுவதாகத் தோன்ற வேண்டுமானால், அதுவரை ஏதோ ஒன்று கேமராவை நோக்கி வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும்.

“அப்பாவு! லீவுல உள்ள யாராவது வந்தாங்களா?”

காவலாளி படியிலிருந்தே குரல் கொடுத்தார். “இன்னா சார் நீ? சாவி என் இடுப்புலயேதான் கீது. எலிகூட என்னாண்ட சொல்லிகினுதான் உள்ள போவும்.” செருப்புச் சத்தம் கீழே இறங்கியது.

நான்கு மீட்டர். இரண்டு நாள். அவ்வளவு மெதுவாக.

ஓட்டம் நின்ற பிறகுதான் அந்த மயக்கம் வரும். அப்படியானால் வந்தது நின்றுவிட்டது. கேமராவுக்கு எதிரே. கேமராவை ஒட்டித்தான் அவன் நாற்காலி.

சாப்பாட்டுச் சங்கு. லேத் ஓய்ந்தது.

நாலு மணியாவது, வேலையாவது. போய்விட வேண்டும். சுவரிலிருந்து கண்ணைப் பிடுங்கிக் கதவைப் பார்த்தான்.

கதவு விலகிப் போனது.

இரண்டே எட்டில் இருந்தது. இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் விலகியது. விலகிக்கொண்டே இருந்தது.

காலையிலிருந்து அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

கேமராவிடம் நின்றுவிட்டு, அங்கிருந்து அவனை நோக்கி வந்துகொண்டிருந்ததை. இப்போது நின்றுவிட்டதை.