டிரில் சாரின் கால் அச்சு

டிரில் சார் சத்தியசீலன் உட்கார்ந்துகொண்டேதான் டிரில் நடத்துவார். பசுமலைக்கு மேற்கே, கண்மாய்க் கரையோரம் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் இது எல்லாருக்கும் தெரியும்.

முதல் பத்து நிமிஷம் நிற்பார். அப்புறம் முகம் சுருங்கும். வேப்பமரத்தடியில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, "லெஃப்ட்! ரைட்!" என்பார். இன்னும் பத்து நிமிஷத்தில், "போதும், போய் விளையாடுங்க" என்று விட்டுவிடுவார்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

1938-ஆம் வருஷம், ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ஐந்தாம் வகுப்புச் செல்லத்தாய் வருகைப் பதிவேட்டைக் கொடுக்கத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். உள்ளே அவர் பேசுவது கேட்டது.

"அடுத்த வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வாரார். ஒரு மணி நேரம் டிரில் பார்ப்பார். போன தடவை நீங்க உட்கார்ந்திருந்ததை நோட்டுல எழுதிட்டுப் போயிட்டார். இந்தத் தடவையும் எழுதினா நான் வேற ஆள்தான் பார்க்கணும், சத்தியசீலன்."

"சரிங்க ஐயா" என்றார் டிரில் சார்.

சாரை அனுப்பிவிடுவார்களோ என்று செல்லத்தாய் பயந்தாள். இரண்டாம் வகுப்பில் அவளுக்கு இடது எது, வலது எது என்று தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள். டிரில் சார் மட்டும் சிரிக்காமல், அவள் இடது கையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டார். "நூல் இருக்கிற பக்கம் லெஃப்ட். அம்புட்டுத்தான்" என்றார்.

அன்று மத்தியானம் அவர் வேப்பமரத்தடியில் கேன்வாஸ் ஷூவைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதா சார்?" என்று கேட்டாள் செல்லத்தாய்.

"நின்னா வலிக்கும்மா. இந்த நடுவுல அமுக்கினா கொஞ்சம் சுகமா இருக்கு."

"அப்ப ஷூவுக்குள்ளேயே ஏதாச்சும் இருந்து அமுக்கினா?"

பக்கத்தில் நின்ற அவள் வகுப்புப் பையன் உக்கிரபாண்டி, "ஒரு கல்லைப் போட்டுக்கங்க சார்!" என்றான்.

"உன் தலையில போடுறேன், வா" என்றார் சார்.

செல்லத்தாய் ஒரு துணியைச் சுருட்டி ஷூவுக்குள் வைத்துப் பார்த்தாள். சார் நாலு எட்டு வைப்பதற்குள் அது குதிகாலுக்கு ஓடிவிட்டது.

சாயந்தரம் அவள் கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் மரியராஜிடம் போனாள்.

"தோல்ல செஞ்சு தரலாம் தாயி. ஆனா ஆளுக்கு ஆள் பாதம் வேற. அவரு கால் அச்சு இல்லாம நான் எப்படிச் செய்வேன்?"

"அச்சு கொண்டு வாரேன் அண்ணே."

கைவேலை வகுப்பில் மாடும் குதிரையும் செய்யக் கண்மாய்க் களிமண் இருந்தது. மறுநாள் அதைப் பிசைந்து இரண்டு பலகைகளில் பரப்பினாள்.

"சார், காலை இதுல வைங்க."

சார் இரண்டு கால்களையும் வைத்தார். வைத்தவர் சும்மா இருந்தாரா? பழக்கதோஷம். நெஞ்சை நிமிர்த்தி, கையை ஒட்டவைத்து, அட்டென்ஷனில் விறைத்து நின்றார். களிமண் தோசையாகிவிட்டது.

மரியராஜ் அந்த அச்சுப்படியே தோல் வெட்டிக் கொடுத்தார். சனிக்கிழமை சார் அதை ஷூவுக்குள் போட்டு நடந்து பார்த்தார்.

"எப்படி சார் இருக்கு?"

"அளவு சரியாத்தான் இருக்கு." முக்காலியில் போய் உட்கார்ந்து, "வலியும் அப்படியேதான் இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை வந்தது. இன்னும் நாலு நாள்தான். சார் வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து, வெறுங்காலைக் கால்மேல் போட்டிருந்தார். செல்லத்தாய் தரையில் உட்கார்ந்து அந்தக் காலையே பார்த்தாள். உள்ளங்காலில் கரண்டிபோல ஒரு பள்ளம் இருந்தது.

"சார், எந்திரிங்க."

எழுந்தார். பள்ளத்தைக் காணோம்! பாதம் முழுக்கத் தரையில் படிந்துவிட்டது.

"உட்காருங்க."

உட்கார்ந்தார். பள்ளம் வந்துவிட்டது.

"எந்திரிங்க சார்."

"ஏம்மா, நீ எனக்கு டிரில் எடுக்கிறியா?"

"சார், நீங்க நின்னா பள்ளம் அமுங்கிருது. அமுங்கின காலைத்தான் அன்னைக்கு அச்சு எடுத்திருக்கோம். அதான் தோலும் தட்டையா வந்திருச்சு. உட்கார்ந்திருக்கும்போது எடுக்கணும்!"

களிமண் மறுபடியும் வந்தது. உக்கிரபாண்டி சாரின் முழங்காலை அசையாமல் பிடித்துக்கொண்டான். செல்லத்தாய் களிமண்ணைக் கையில் ஏந்தி, ஒவ்வொரு காலாகக் கீழிருந்து மெல்ல ஒற்றினாள். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் அந்தப் பக்கம் வந்தார். சார் எழப் போனார்.

"எந்திரிக்காதீங்க சார்!" என்று இருவரும் கத்தினார்கள்.

தலைமையாசிரியர் திகைத்துப்போய்த் திரும்பி நடந்தார்.

இந்த அச்சைப் பார்த்ததும் மரியராஜ், "இதுல்ல அச்சு!" என்றார். தோல் துண்டுகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். பள்ளம் இருக்கும் இடத்தில் மேடாக வரும்படி செதுக்கித் தேய்த்தார். புதன்கிழமை காலையில் ஒரு ஜோடி தயாராகிவிட்டது.

அன்று சார் அரை மணி நேரம் நின்றார். "புதுசா இருக்கிறதால லேசா உறுத்துது. ஆனா அந்தப் பழைய வலி இல்லை" என்றார். வியாழக்கிழமை முக்கால் மணி நேரம் நின்றார்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். முக்காலி சாருக்கு அல்ல, அவருக்குப் போடப்பட்டது. ஒரு மணி நேரம் டிரில் சார் நின்றார், நடந்தார், கடைசி வரிசை வரைக்கும் ஓடியும் வந்தார். இன்ஸ்பெக்டர் நோட்டில் நாலு வரி எழுதினார். அதைப் படித்த தலைமையாசிரியர் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த திங்கட்கிழமை. டிரில் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆனது. இருபது நிமிஷம் ஆனது. பிள்ளைகள் வேப்பமரத்தையே பார்த்தார்கள். சார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னும் ஒரு சுத்து! முழங்காலைத் தூக்கு!"

உக்கிரபாண்டிக்கு மூச்சு வாங்கியது. "எல்லாம் உன்னாலதான்டி செல்லத்தாயி! இனிமே வருஷம் முழுக்க, பீரியட் முக்கால் மணி நேரமும் டிரில்தான்!"

"பேசாம நட. அன்னைக்கு முழங்காலைப் பிடிச்சது யாரு?"

"லெஃப்ட்!" என்று சார் குரல் கொடுத்தார். செல்லத்தாய், இரண்டாம் வகுப்பில் சார் நூல் கட்டிவிட்ட பக்கத்துக் காலை எல்லாருக்கும் முந்தி எடுத்து வைத்தாள்.