ஒன்பது லிட்டர்

ஊற்றியது ஆறு லிட்டர். அடியில் வைத்திருந்த தட்டு நிரம்பி வழிந்த பிறகும் ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. ஒன்பதாவது லிட்டர் இருக்கும். காலையிலிருந்து நாலு வண்டி பார்த்த அலுப்பு, எண்ணிக்கையைத் தவறவிட்டிருப்போம் என்று மெக்கானிக் கியோங்மான் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

மூன்றாவது முறையாகக் கழுவுகிறார். துரு நிறம் எப்போதோ தெளிந்துவிட்டது, வாசம்தான் போகவில்லை. ரேடியேட்டர், குழாய், இன்ஜின், ஹீட்டர் என்று மூடிய பாதையிலேயே சுற்றுகிற தண்ணீர் அது, வெளியிலிருந்து ஒரு துளி நுழைய வழியில்லை. அதில் ஆற்றுச் சேறும் அழுகின நாணலும் மணத்தன.

அந்த வாசம் அவருக்குத் தெரியும். மகள் நாரே பக்கத்து ஊரில் வாங்கிய வண்டி இது; நாளைக் காலை மலைப்பாதை ஏறிப் புது வேலைக்குப் போகிறாள், குளிர் தொடங்குமுன் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டை மாற்றித் தரச் சொன்னாள். பெருமையாக அவள் கதவைத் திறந்து காட்டியபோது, பின் சீட் பெல்ட்டின் போல்ட்டில் ஒரு மஞ்சள் பெயிண்ட் பொட்டு தெரிந்தது. இறுக்கி முடித்ததும் அவர் வைக்கிற பொட்டு.

கோடை வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. வாங்க வருகிறவர்கள் முதலில் பெல்ட்டை முழுக்க இழுத்துச் சேறு தேடுவார்கள் என்பதால், அதை விற்ற வண்டித் தரகர் கேட்டபடி கியோங்மான்தான் எல்லா பெல்ட்டையும் மாற்றி, நனையாத வண்டி என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். பின் சீட்டின் பழைய பெல்ட் கத்தியால் அறுபட்டிருந்தது. அதில் ஒரு கரடி ஸ்டிக்கர். யாரை வெளியே எடுக்க அறுத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

இந்த வண்டி வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அதற்கு நாக்கு எழாமல்தான் மதியத்திலிருந்து கழுவிக்கொண்டிருந்தார். கடைசியில் புதுக் கூலன்ட்டை ஊற்றினார். குழாய்க்குள் நின்ற காற்று வெளியேற இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தார். வாசலில் காத்திருந்த நாரே வண்டியருகே வந்தாள்.

"அப்பா, வெளியே விறைக்குது. நான் உள்ள உக்காந்துக்கறேன்."

அவர் நிமிர்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

ரேடியேட்டர் வாயில் ஒரு குமிழி வந்து உடைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இன்னொன்று. யாரோ மூச்சை அடக்கி அடக்கி விடுவதைப் போல.

கூலன்ட் மட்டம் கிடுகிடுவென்று இறங்கியது. தரையில் ஒரு சொட்டு இல்லை. வண்டிக் கண்ணாடிகள் உள்ளிருந்து ஆவி படிந்து வெளுத்தன.

"நாரே, இறங்கு." கண்ணாடியைத் தட்டினார். மறுபடி சொன்னார். "இறங்கும்மா. அது வெள்ளத்துல மூழ்கின வண்டி. தெரிஞ்சே மறைச்சேன். நான்தான்."

உள்ளே எதையோ இழுக்கும் சத்தம். பிறகு, "பெல்ட் கழல மாட்டேங்குதுப்பா."

கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை.

"அப்பா." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "நான் பெல்ட்டே போடலையே."

கண்ணாடியின் அடியில் ஆவி கரையத் தொடங்கியது. நேர்கோடாக. கலங்கல் நிறத்தில். கோடு மேலே ஏறியது. முன் சீட்டில் நாரேயின் இரண்டு உள்ளங்கைகள், கண்ணாடியோடு அழுந்தி. பின் கண்ணாடியில், ஏறுகிற தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, இன்னொரு கை.

சின்னக் கை.