தனியாக வந்த முயல்

முயல் கூண்டின் நடுவில் படுக்கவில்லை. இடப்பக்கக் கம்பிகளோடு ஒட்டி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, வலப்பக்கம் தன் அளவுக்கே ஓர் இடத்தை விட்டுப் படுத்திருந்தது. இவ்வளவு பெரிய கூண்டில் ஏன் இப்படி ஒண்டிக்கொண்டு கிடக்கிறது என்று மகள் கேட்டபோது, தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த அம்மா, ஊசியில் நூல் கோர்ப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“புது இடம்டி. பழகணும்ல.”

“மேனேஜருக்கு வெக்கம்மா!”

அந்தப் பெயரை வைத்தது மகள்தான். வந்தவுடனேயே அது மேசைக்கால், நாற்காலிக்கால், துணிக்கட்டு என்று ஒவ்வொன்றிலும் தாடையைத் தேய்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்திருந்தது. முயலின் தாடைக்கு அடியில் சிறிய சுரப்பிகள் உண்டு. நம் மூக்குக்கு எட்டாத ஒரு வாசனையை அவை கசியவிடும். தேய்த்த பொருளெல்லாம் இனிமேல் அதற்குச் சொந்தம். “எல்லாத்துலயும் கையெழுத்துப் போடுதும்மா,” என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் புல்லைத் தொடவில்லை. முயலின் வயிறு ஓயாமல் அரைத்துக்கொண்டே இருக்க வேண்டிய ஓர் இயந்திரம். புதுப்புல் உள்ளே போய்த் தள்ளினால்தான் பழையது நகரும்; நின்றுபோனால் காற்று அடைத்துக்கொள்ளும், வயிறு கல்லாகும், அப்புறம் பிழைப்பது அரிது. பிராணிகள் காப்பகத்து அக்கா இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித்தான் இரண்டு கூடைகளையும் அவளிடம் கொடுத்திருந்தாள்.

இரண்டு கூடைகள். மகளுக்கு அது தெரியாது.

“ரெண்டும் ஜோடி. பிரிச்சிடாதம்மா,” என்றிருந்தாள் அக்கா. வரும் வழியில் பொத்தான் கடை. வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டுக்குச் சாம்பல் நிறப் பொத்தான் வேண்டியிருந்தது. சாம்பல் என்பது ஒரு நிறமல்ல. நீலம் ஓடும் சாம்பல் உண்டு, பச்சை ஓடும் சாம்பல் உண்டு, கடை விளக்கில் பொருந்துவது பகல் வெளிச்சத்தில் பல்லிளிக்கும். துணியை வாசலுக்கு எடுத்துப்போய், திரும்பி வந்து, மறுபடி எடுத்துப்போய் என்று அவள் தன்னை மறந்திருந்தாள். வெயிலில் நின்ற காரின் கண்ணாடிகள் மூடியிருந்தன. ஒரு கூடை இருக்கைக்குக் கீழே, நிழலில். மற்றது இருக்கையின் மேல்.

முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது. உடம்புச் சூட்டை அது காதுகளின் வழியாகத்தான் வெளியே விடும். மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம் காற்றுப் பட்டுக் குளிர்ந்து திரும்பும். காற்றே சுட்டால் அந்தக் காதுகள் என்ன செய்யும்? சால்வையால் சுற்றி அவள் அதைத் தூக்கியபோது, இஸ்திரிப் பெட்டியில் கை வைத்ததுபோல் இருந்தது. தலை தொங்கியது. கடைக்குப் பின்னால் குப்பைத்தொட்டி. ஒரு பிளாஸ்டிக் பை. இரண்டு முடிச்சு. வீட்டுக்கு வந்து, “உனக்கு ஒரு முயல்!” என்றாள்.

மறுநாள் மகள் பள்ளிக்குப் போன பிறகும் புல் அப்படியே கிடந்தது. முயலின் விலா ஏறி இறங்குவதே தெரியவில்லை. அவள் அக்காவுக்குப் போன் செய்தாள்.

“அக்கா... ஒண்ணு போயிடுச்சு.”

“ஐயோ. எப்படிம்மா?”

“தெரியலக்கா. காலையில பார்த்தா படுத்தபடியே...” பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

“நல்லாப் பார்த்தியா? சூடு பட்டாலோ பயந்தாலோ செத்த மாதிரியே கிடக்கும். நானே ஒரு தடவை ஏமாந்திருக்கேன். ஈரத்துணியைக் காதுல வெச்சதும் முழிச்சிடுச்சு.”

அவள் முடிச்சைத்தான் நினைத்தாள். அவிழாமல் இருக்க இறுக்கிப் போட்ட, தையல்காரியின் முடிச்சு.

“பார்த்தேங்க்கா,” என்றாள்.

“உடம்பை மத்ததுக்குக் காட்டினியா?”

“காட்டணுமா?”

“பின்னே? மோந்து பார்த்தாத்தானே அது போயிடுச்சுன்னு தெரியும். இல்லாட்டி இப்ப வரும் அப்ப வரும்னு பட்டினியே கிடக்கும். உடம்பு இல்லேன்னா, அது வாசனை இருக்கிற துணி ஏதாவது போடு.”

குளியலறை வாளியின் அடியில், தொடவே மனமில்லாமல் துவைக்காமல் போட்டு வைத்திருந்த சால்வையை அவள் எடுத்தாள். அது காய்ந்த புல்லும் வெயிலில் கிடந்த கார் இருக்கை ரெக்சினுமாக நாறியது. கூண்டின் வலப்பக்கம், அந்தக் காலி இடத்தில், சுருட்டி வைத்தாள்.

முயல் எழுந்தது. மூக்கு துடிக்க, மடிப்பு மடிப்பாக முகர்ந்தது. ஓரத்தை நக்கியது. வெகுநேரம் அசையாமல் நின்றது. பிறகு திரும்பி அவளைப் பார்த்தது. முயலின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு கண்ணால்தான் நம்மை நன்றாகப் பார்க்கும், அந்த ஒற்றைக் கண் இமைக்காமல் அவள்மேல் நின்றது. பின்னங்கால் ஓங்கித் தரையை அறைந்தது. எதிரி வந்தால் முயல்கள் அப்படித்தான் அறையும், மண்ணுக்கு அடியில் இருக்கும் துணைக்குச் சேதி சொல்ல. அவள் சட்டென்று பின்னால் பார்த்தாள். அறையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

பிறகு அது புல்லைத் தின்னத் தொடங்கியது.

அவளுக்கு அழுகை வந்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது, பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே கோட்டை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். வெயில் சாய்ந்து, சுவரில் தையல் இயந்திரத்தின் நிழல் நீண்டு, வீடு முழுக்க அந்த நறநறச் சத்தம் மட்டுமே இருந்தது. கேட்கக் கேட்க இதமாக இருந்தது. பொத்தானுக்கு இரண்டாவது சுற்று நூல் போடும்போதுதான் அவள் கை நின்றது. ஒரே அறையில் இரண்டு தையல் இயந்திரங்கள் ஓடும்போது ஒன்றின் சத்தம் மற்றதற்குச் சற்று முந்தியும் பிந்தியும் விழுமே, அப்படிக் கேட்டது.

இரண்டு வாய்கள்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். சால்வைக்கு அருகே கிடந்த புல்லும் குறைந்துகொண்டிருந்தது. சால்வை தட்டையாக இல்லை. நடுவில் மேடு. மேடு மூச்சு விட்டது. வேக வேகமாக. வெப்பத்தில் இழுக்கும் மூச்சு.

துணிக்கடியில் இரண்டு கூர்மைகள் நிமிர்ந்தன.

எழுந்திருக்க நினைத்தாள். மடியிலிருந்த கோட்டு நழுவி விழுந்தது. காய்ந்த ரெக்சின் வாடை. வாசலில் சாவி திரும்பியது.

“மேனேஜர் சாப்பிட்டாரா?” பள்ளிப்பையை வீசிவிட்டு மகள் ஓடி வந்தாள். கூண்டுக்கு முன் நின்றாள். “அம்மா! ரெண்டா? ரெண்டு குடுத்தாங்களா? ஏம்மா சொல்லவே இல்ல?”

தொடாதே என்று சொல்ல வேண்டும். சொன்னால், ஏன் என்று கேட்பாள்.

மகள் கூண்டைத் திறந்து சால்வையை விலக்கினாள். அடியில் வெறும் தரை.

மகள் ஏமாந்துபோகவில்லை. குனிந்து, இரு கைகளாலும் பத்திரமாக எதையோ அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். சீருடைப் பாவாடை கனத்தில் தாழ்ந்தது. கூண்டுக்குள் இருந்த முயல் கம்பியோரம் வந்து நின்று, அந்த மடியை நோக்கி மூக்கை நீட்டியது.

“பாவம்மா இது. காது ரெண்டும் கொதிக்குது,” என்றாள் மகள், காற்றைத் தடவிக்கொண்டே. “யாரும்மா இதை வெயில்ல வெச்சது?”

பதிலுக்காக அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுமையை ஏந்தியிருந்த அந்தச் சின்ன உள்ளங்கைகள் சிவந்தன. தோல் உப்பிக் கொப்புளித்தது. அவள் இன்னும் தடவிக்கொண்டிருந்தாள்.