x-க்கும் y-க்கும் நடுவில்

பிரதீபாவுக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. கடைசிக் குடத்தை வாசலில் இறக்கி வைத்தாள். பாதித் தண்ணீர் பாவாடையில்தான் இருந்தது.

“அக்கா! இன்னைக்குத் தண்ணி முறை உன்னோடது. நீ இன்னா, ராணி மாதிரி உக்காந்துகினு கீற?”

உள்ளே எட்டிப் பார்த்தாள். காயத்ரி ஒரு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

காயத்ரி செங்கல்பட்டில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். x, y என்று எழுத்துகளை வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றை இந்த வருடம் கற்றுக்கொள்ள வேண்டும். லேப்டாப், அவளோடு படிக்கும் ஜெபகுமாருடையது. சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். அதற்குள் கணக்கை அனுப்பாவிட்டால் செய்முறைத் தேர்வில் முட்டைதான்.

பிரதீபாவின் கோபம் பாதியில் நின்றுவிட்டது. ஈரப் பாவாடையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னாக்கா ஆச்சு?”

“காலைலேர்ந்து தப்புத் தப்பா விடை வருது. உனக்குப் புரியாது, போ.”

திரையில் கணக்கு எறும்புச் சாரி போல நீண்டு கிடந்தது.

“இவ்ளோ பெருசா போட்டா யாருக்குப் புரியும்? எனக்குப் புரியறாப்ல சின்னதா ஒண்ணு போடு.”

காயத்ரி x² + xy என்று தட்டினாள். x என்றால் 3, y என்றால் 2 என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தாள்.

“xy-ன்னா ரெண்டையும் பெருக்கணும். மூவிரண்டு ஆறு. ஒன்பதும் ஆறும் பதினஞ்சு வரணும். பாரு இப்ப.”

திரையில் 9 + xy என்று வந்தது.

“ஒன்பது சரி. மீதி அப்படியே கீது. சோம்பேறி மிஷின்!” என்றாள் பிரதீபா.

அப்போது வாசலில் கேஸ் சிலிண்டர் ‘ணங்’கென்று இறங்கியது. வேலைக்குப் புதிதாக வந்த அண்ணன் கத்தினார்:

“சந்திராவோட அம்மா வூடு இதானே?”

“சந்திரான்னு இங்க யாரும் இல்லண்ணா!”

“சந்திராவோட அம்மாவக் கேளுன்னுதாம்மா கடைல சொன்னாங்க!”

“அது எங்கம்மா பேரு. சந்திரம்மா! கல் பட்டறைக்கு மெருகு போடப் போயிருக்காங்க. மொத்தமும் ஒரே பேரு, பிரிக்காதீங்க!”

“பேஜாரும்மா உங்களோட” என்று அவர் சிலிண்டரை உருட்டி உள்ளே வைத்தார்.

பிரதீபா சிரித்துக்கொண்டே திரும்பினாள். திரையில் xy ஒட்டிக்கொண்டு நின்றது. சிரிப்பு நின்றது.

“அக்கா! அந்த அண்ணன் ஒருத்தரை ரெண்டு பேராக்கினாரு. இது ரெண்டு பேரை ஒருத்தராக்குது! ஒட்டி எழுதினா xy-ன்னு ஏதோ ஒரு ஆளுன்னு நெனச்சுக்குது. அப்படி ஒரு ஆளை நீ அதுக்குச் சொல்லியே தரலையே!”

“நோட்டுல இப்படித்தானடி எழுதறோம்...” என்று முனகியபடி காயத்ரி நடுவில் பெருக்கலுக்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டாள்.

15.

இருவரும் கத்திய கத்தலில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

நீளக் கணக்கில் ஒட்டிக் கிடந்த எழுத்துகளையெல்லாம் காயத்ரி பிரித்தாள். ஜெபகுமாரின் பைக் ஹாரன் கேட்டபோது கணக்கு போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று இரவு அவள் தைலம் எடுத்துத் தங்கையின் தோளில் தேய்த்தாள்.

“தண்ணியும் தூக்கி, என் கணக்கையும் தூக்கி விட்டுட்டியேடி. நாளைக்குத் தண்ணி நான்தான் பிடிப்பேன். சத்தியம்.”

மறுநாள் தண்ணீர் லாரி வந்தபோது காயத்ரி செங்கல்பட்டு பஸ்ஸில் இருந்தாள்.

சாயங்காலம் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “முழு மார்க்குடி! உன்னாலதான்!”

“ஆ, தோளு! தோளு!” என்று பிரதீபா அலறினாள். பிறகு வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்:

“ரொம்ப சந்தோஷம்க்கா. இப்ப நீ எனக்கு ரெண்டு முறை தண்ணி பாக்கி.”