சொந்த மைதானம் கார்கிவ்

பிரகதீஸ்வரி அந்த பிளக்ஸ் போர்டை முதலில் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். யாரோ தன்னைப் போலவே இருக்கிறாளே என்று தோன்றியது... அடுத்த நொடியே அது தான்தான் என்று தெரிந்துவிட்டது.

புதுக்கோட்டை பஸ் அன்னவாசல் கடைவீதி முனையில் நின்றதும் இறங்கி, எதிரே போய் நின்று நிதானமாகப் படித்தாள். பன்னிரண்டு அடி நீளம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கன்னத்தில் அவளுக்கே இல்லாத ஒரு பளபளப்பு. 'உக்ரைன் நாட்டில் மருத்துவம் பயின்று தாயகம் திரும்பிய அன்னவாசலின் தவப்புதல்வி டாக்டர் ஆ. பிரகதீஸ்வரி அவர்களை வாழ்த்தி வரவேற்கிறோம்.'

அவள் தாயகம் திரும்பி மூன்றரை வருடம் ஆகிறது. போர் தொடங்கிய வாரத்தில் கார்கிவ் ஹாஸ்டலிலிருந்து நடந்தே கிளம்பி, மூன்று ரயில் மாறி, போலந்து வழியாக வந்தாள். மீதிப் படிப்பை இந்த ஊரில் உட்கார்ந்து கைப்பேசியில் முடித்தாள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுதவேண்டிய தகுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். அதில் தேறாமல் பெயருக்கு முன்னால் அந்த வார்த்தையைப் போட்டுக்கொள்ள முடியாது. இது வீட்டுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

இவ்வளவும் போதாதென்று, கல்லூரி இருக்கவேண்டிய இடத்தில், அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கால்பந்து மைதானம் இருந்தது.

போர்டின் மூலையில் அச்சிட்ட கடையின் பெயர் சின்னதாக இருந்தது. நாலாவது கடை. நேராகப் போனாள்.

"இத டிசைன் பண்ணது யாருங்க?"

கணினி முன்னால் இருந்தவன், "நான்தாங்க. கலரு நல்லா வந்திருக்கா?" என்றபடி திரும்பினான். இரண்டு நாளாகத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவன் திருத்திக்கொண்டிருந்த முகம், இப்போது சரியான அளவில், கோபமாக வாசலில் நின்றது. கண்கள் படத்தில் இருந்ததைவிடப் பெரியவை. அவற்றை மட்டும் அவன் திருத்தத் தேவையே இருக்கவில்லை.

அவன் பெயர் வெற்றிசெல்வன். கடை அவனுடையது. இருபத்தெட்டு வயது.

"நான் படிச்சது மெடிக்கல் காலேஜ். எனக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"மெட்டலிஸ்ட் ஸ்டேடியம்ங்க."

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்வான் என எதிர்பார்த்து வந்திருந்தாள். "அப்ப... தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"ஒங்கப்பா, அந்த ஊருலயே பெரிய கட்டடமாப் பாத்துப் போடுன்னாருங்க. கார்கிவ்ல எனக்குத் தெரிஞ்ச பெரிய கட்டடம் அது ஒண்ணுதான். 2017 டிசம்பர்ல மான்செஸ்டர் சிட்டிய ஷக்தார் டீம் அங்கதான் ரெண்டுக்கு ஒண்ணுன்னு..."

"அதுக்காக நான் ஸ்டெதஸ்கோப்ப மாட்டிக்கிட்டு கோல் போஸ்ட் முன்னாடி நிக்கணுமா?"

தரையில் உட்கார்ந்து பிளக்ஸ் ஓரத்தில் துளையடித்துக்கொண்டிருந்த செல்வராணி சிரித்துவிட்டாள். அந்தக் கடையில் ஆறு வருடமாக வேலை பார்ப்பவள். முதலாளியைத் திட்டும் உரிமை அவளுக்கு உண்டு. "நான் அப்பவே கேட்டேன் பாப்பா... ஆஸ்பத்திரில எதுக்குடா இம்புட்டுப் புல்லு மொளச்சிருக்குன்னு."

"கட்டடத்த மாத்திக் குடுத்துறேங்க," என்றான் வெற்றி.

"கட்டடம் கெடக்கட்டும். டாக்டர்ங்கிறத எடுங்க." அவள் குரல் இறங்கியது. "நான் இன்னும் டாக்டர் இல்ல. ரெண்டு தடவ எழுதி ஃபெயில்."

வெளியாள் ஒருவரிடம் இதை அவள் சொல்வது முதல் தடவை. ஏன் இவனிடம் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அவன் முகத்தில் பரிதாபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. ஏதோ கணக்கு ஒத்துப்போகாதவனைப் போல நெற்றியைச் சுருக்கினான்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள கட்டணும்னு அவசரப்படுத்துனாருங்க ஒங்கப்பா. மாப்ள வீட்டுக்காரங்க கார்ல இங்கிட்டுதான் வருவாங்க, அவுங்க கண்ணுல படணும்னு..."

"எந்த மாப்ள?"

வெற்றி செல்வராணியைப் பார்த்தான். செல்வராணி பிளக்ஸைப் பார்த்தாள்.

தனக்கு வரன் பார்த்திருப்பதை ஒரு பிளக்ஸ் கடையில் வைத்துத் தெரிந்துகொண்டாள் பிரகதீஸ்வரி. மாப்பிள்ளை புதுக்கோட்டையில் டாக்டராம். பெண்ணும் டாக்டர் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

"இப்பவே கழட்டுங்க."

"ஆர்டர் குடுத்தது ஒங்கப்பாங்க..."

"மொகம் என்னோடதுங்க."

வெற்றி கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியைத் தூக்கினான். வெளியே ஐப்பசி மழை பிடித்திருந்தது. "ஏணியப் புடிக்க நான் வரமாட்டேன், எனக்குச் சளி புடிக்கும்," என்று செல்வராணி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். பிரகதீஸ்வரிதான் பிடித்தாள்.

மழை சாய்ந்து அடித்தது. மேலே நின்றவன் ஒரு கயிற்றை அறுத்துவிட்டுக் கீழே பார்த்தான். அண்ணாந்த முகம், இமைகளில் கோத்து நின்ற துளிகள், அவற்றுக்கு நடுவே சிமிட்டாமல் அவனையே பார்த்த இரண்டு கண்கள்... அறுக்க வேண்டிய அடுத்த கயிறு எது என்பது அவனுக்கு மறந்துபோனது. கைக்கு வந்ததை அறுத்தான். பன்னிரண்டு அடி பிளக்ஸ் முழுசாகச் சரிந்து அவள் தலைமேல் விழுந்தது.

உள்ளிருந்து சத்தம் வந்தது. பதறி இறங்கினான். விலக்கிப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் பிரகதீஸ்வரியின் அப்பா ஆத்மநாதன் கடைக்கு வந்தார். உரக்கடை வைத்திருப்பவர், சத்தமாகப் பேசுபவர். "போர்டு எங்க தம்பி?"

"காத்துல கிழிஞ்சிருச்சுங்க."

"அப்ப இன்னொண்ணு அடி."

"மிஷின் ரிப்பேருங்க. திங்கக்கெழமதான் ஆள் வருவாரு."

அவர் போனபின், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் சத்தத்தைத் தாண்டி செல்வராணி சொன்னாள்: "ஓடுற மிஷினுக்கு லீவு விட்ட மொத ஆளு நீதான் வெற்றி. அந்தப் புள்ள கண்ணு அம்புட்டுப் பெருசா?"

மத்தியானம் பிரகதீஸ்வரி வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்தாள். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள். "அன்னவாசல்ல இருந்துக்கிட்டு கார்கிவ் ஸ்டேடியம் எப்படித் தெரியும் ஒங்களுக்கு?"

அவன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தான். பள்ளிக்கூட நோட்டு, அட்டை கிழிந்து பிளக்ஸ் துண்டால் ஒட்டப்பட்டிருந்தது. உக்ரைன் கால்பந்து அணியான ஷக்தார் டொனெட்ஸ்க் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடிய ஆட்டங்கள், 2009-லிருந்து, ஒன்று விடாமல். அந்த வருடம் இஸ்தான்புல்லில் வெர்டர் பிரெமனை 2-1 என்று வென்று யூஃபா கோப்பையை வாங்கினார்கள். அப்போது இவனுக்குப் பன்னிரண்டு வயது. மறுநாள் செய்தியில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்தான். வகுப்பில் ஆளுக்கொரு பெரிய அணியின் பெயரைச் சொன்னார்கள். யாரும் சொல்லாத ஒன்று வேண்டும் என்று இதைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான் காரணம்.

பக்கங்களில் நாலு பத்தி: தேதி, எதிரணி, கோல், சொந்த மைதானம். 2014 வரை நாலாவது பத்தியில் அணியின் ஊரான டொனெட்ஸ்க் என்றே இருந்தது. அந்த வருடம் அங்கே சண்டை வந்தது. அதன்பின் லிவிவ், கார்கிவ், கீவ், வார்சா, ஹாம்பர்க், கெல்சன்கிர்ஷன். கடைசியாக கிராகோவ்.

"பதினோரு வருஷமா அவுங்க ஊர்ல அவுங்க ஆடலீங்க," என்றான். "ஹாம்பர்க்ல வச்சு பார்சிலோனாவ ஜெயிச்சாங்க. ஜெர்மனில நடந்த மேட்சு. ஆனா ரூல்படி அதுவும் சொந்த மைதானம்தான்."

அவள் விரல் பக்கங்களில் இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றது. 14 பிப்ரவரி 2019. ஐன்ட்ராக்ட் பிராங்க்பர்ட். 2-2. கார்கிவ்.

"இதுக்கு நான் போயிருந்தேன்."

வெற்றிசெல்வன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "நேர்லயா?"

"ஃபர்ஸ்ட் இயர்ல. ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாம் போனோம். ஒரே குளிரு... கால் வெரலு இருக்கா இல்லையான்னே தெரியல. பாதியில எந்திரிச்சு வந்துட்டோம்."

"பாதியிலயா!" அவனால் தாங்க முடியவில்லை. "ஏங்க... ரெண்டு தடவ பின்னால போயி, ரெண்டு தடவயும் சமமாக்குன மேட்சுங்க அது! ரெண்டாவது கோல் அறுபத்தேழாவது நிமிஷம்!"

"அப்ப நான் சூப் குடிச்சுக்கிட்டிருந்தேன்."

"சூப்பு..." தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அவள் சிரித்தாள். அந்த உக்ரைன் வருடங்களைப் பற்றி யாரிடமும் சிரித்துப் பேச வாய்த்ததில்லை அவளுக்கு. எல்லோரும் குண்டு விழுந்ததைத்தான் கேட்பார்கள். இவன், மைதானத்தில் புல் எந்தப் பச்சை, கூட்டம் பாடும்போது எப்படிக் கேட்கும், வெளியே என்ன விற்பார்கள் என்று கேட்டான். சொல்லச் சொல்ல, தான் அங்கிருந்து தப்பி வந்தவள் மட்டுமல்ல, வாழ்ந்தவளும்கூட என்பது அவளுக்கு நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் வந்தார்கள். கேசரி தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிரகதீஸ்வரி நின்றபடியே சொன்னாள்: "நான் இன்னும் டாக்டர் ஆகலங்க. ரெண்டு தடவ ஃபெயில். ஜனவரில மறுபடி எழுதுறேன். தெரியாம யாரும் ஏமாந்துறக் கூடாதுல்ல."

யாரும் கோபப்படவில்லை. காபி குடித்துவிட்டு, பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆத்மநாதன் அன்று முதல் மகளோடு பேசுவதை நிறுத்தினார்.

புதன்கிழமை, போர்டு கிழியவில்லை, அறுக்கப்பட்டது என்று யாரோ அவரிடம் சொன்னார்கள். கடைவீதி பார்க்க வெற்றியின் வாசலில் வந்து நின்றார். "என் பொண்ணு நல்லது கெட்டது பாக்குறதுக்கு நீ யாருடா? பிளக்ஸ் அடிக்கிறவன் பிளக்ஸ் அடிக்கிற வேலையோட நிக்கணும்!"

வெற்றிசெல்வன் போர்டுக்கு வாங்கிய முன்பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தான். அவர் போன பிறகும் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சொன்னதில் தப்பென்ன... அவள் தேறிவிடுவாள். வேறு உயரத்துக்குப் போய்விடுவாள். தேறட்டும், அப்புறம் ஏதாவது தோன்றினால் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே தள்ளிவைத்தான். அவள் படிக்கும் கிளை நூலகம் கடைக்கு எதிரேதான் இருந்தது. தன் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கும்படி கணினியைத் திருப்பிவைத்தான்.

நூலகத்திலிருந்து அது அவளுக்குத் தெரிந்தது. ஃபெயில் என்று கேட்டவன் அன்றைக்கு நாகரிகமாக இருந்தான், யோசித்துப் பார்த்து ஒதுங்கிவிட்டான் என்று எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் ரோஷம் உண்டு. போய்க் கேட்கவில்லை. மருந்தியல் புத்தகத்தில் ஒரே பக்கத்தை நாலு நாள் படித்தாள்.

மூன்று வாரம் இப்படியே போனது.

நவம்பரில் நூலக வார விழா வந்தது. நூலகத்துக்கு ஒரு பேனர் வேண்டியிருந்தது. அதைக் கொடுத்துவர செல்வராணியைத்தான் அனுப்பப் பார்த்தான். "எனக்குக் காலு வலிக்குது," என்றாள் அவள். "காலையில நல்லாத்தான இருந்துச்சு?" "இப்பத்தான் வலிக்குது. போ."

நூலகர் டீ குடிக்கப் போயிருந்தார். உள்ளே ஒருத்திதான் இருந்தாள். பேனரைச் சுவரில் சாய்த்துவிட்டு வெற்றிசெல்வன் திரும்பினான்.

"நில்லுங்க."

நின்றான். வெளியே மழை தகரக் கூரையில் விழத் தொடங்கியது.

"என்னயப் பாத்தா கம்ப்யூட்டரத் திருப்பி வைக்கிற அளவுக்கு ஆயிருச்சா?"

"அப்படி இல்லீங்க... ஒங்கப்பா வந்து..."

"வந்து?"

சொன்னான். கடைவீதியே கேட்ட வார்த்தைகளை, அன்று நூலகத்துக்கு வராத அவள் மட்டும்தான் கேட்டிருக்கவில்லை.

"நான் ஃபெயிலுன்னு ஒதுங்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நீங்க பாஸாயிருவீங்கன்னுதாங்க ஒதுங்குனேன்."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்து, ஒரே நேரத்தில் நின்றது. அவள் புத்தகத்தை மூடினாள்.

"ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாதீங்க. பாஸாகி வந்து சொன்னா, ஒரு டாக்டர் சொன்ன மாதிரி இருக்கும். மறுபடி ஃபெயிலாகி வந்து சொன்னா, போக்கிடம் இல்லாம வந்த மாதிரி இருக்கும். இன்னக்கி நான் ரெண்டும் இல்ல. அதான் இன்னக்கே சொல்றேன்..." மூச்சு வாங்கினாள். "எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு."

வெற்றிசெல்வன் எதையோ பிடித்துக்கொள்ள வேண்டியவனாக மேசை விளிம்பைப் பிடித்தான்.

"நான் ரிசல்ட் வந்த பெறகு யோசிக்கலாம்னு இருந்தேங்க."

"எத?"

"இதத்தான்... சொல்றதா வேண்டாமான்னு."

"இப்ப யோசிச்சாச்சா?"

"யோசிக்க ஒண்ணும் இல்லீங்க." தலை நிமிர்ந்து அவள் கண்களைப் பார்த்தான். இந்த முறை பார்வையை நகர்த்தவில்லை. "எனக்கும் புடிச்சிருக்கு. ரொம்ப."

நூலகரின் குடை தெருமுனையில் தெரிந்தது. அவள் அவசரமாகப் புத்தகத்தைத் திறந்துகொண்டு, தணிந்த குரலில் சொன்னாள்: "நாளைக்குக் காலையில அப்பாட்ட பேசப்போறேன். கடைக்கே போயி."

"நானும் வாரேன்."

"வேணாங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி திட்டுவாரு."

"திட்டட்டும்," என்றான் அவன். "ரெண்டு பேருமா நின்னு வாங்கிக்குவோம்."