ஈரச்சேலைக்காரி

"ஈரச்சேலையோட ஒருத்தி வந்தா. வாயில கசப்பா என்னமோ வச்சிட்டுப் போயிட்டா..."

கணவன் ரகுநாத் சொன்னதைக் கேட்டு, கஞ்சியோடு வந்த ராஜலட்சுமி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கீமோ ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஐந்து நாள். மூன்று நாளாக, விடியும்போதெல்லாம் இதே பேச்சு. வாயெல்லாம் புண். அவன் பார்வை அவளைத் தாண்டி வாசற்படியில் யாரையோ தேடியது. வாசற்படி நனைந்திருந்தது. பயத்தில் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தம்பிக்காக வந்து தங்கியிருந்த நாத்தனார் அழகிக்கு வேறு கணக்கு. "நீ காய்ச்சுற கஞ்சிதான் என் தம்பிய அரிக்குது" என்றாள். அவனுக்காக டீச்சர் வேலையையே விட்ட ராஜலட்சுமி, அதையும் விழுங்கிக்கொண்டாள்.

அன்று காலையே அவனைக் கொண்டுபோனார்கள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் உடனே படுக்கையில் சேர்த்தார். சிறுநீரில் வெளியேற வேண்டிய கீமோ மருந்து உடம்பிலேயே தங்கிவிட்டதாம். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை அப்படி மறித்துவிடும், ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று ராஜலட்சுமி சத்தியம் செய்தாள். அழகி மட்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துணிமணி எடுக்க இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கொடியில் அழகியின் சேலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தம்பிக்காக விடியலில் குளத்தில் முழுகி, ஈரத்தோடு கோயில் விபூதி கொண்டுவருவது அவள் வேண்டுதல். அந்த நேரத்தில் ராஜலட்சுமி அடுப்படியில் இருப்பாள்; அவள் ஈரத்தோடு வருவதைப் பார்த்ததில்லை. ரகுநாத் சொன்ன ஈரச்சேலையும் கசப்பும் இப்போது உறைக்க, சாமி மாடத்து விபூதி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள்.

கசந்தது. டப்பாவுக்குப் பின்னால், மூட்டுவலிக்கென்று அழகியின் மகன் குவைத்திலிருந்து அனுப்பிய மாத்திரை அட்டை. பாதி காலி.

"முதுகுவலியில துடிச்சான்... டாக்டரக் கேக்காம நீ குடுக்க மாட்ட. அதான் பொடிச்சு விபூதில கலந்து அவன் வாயில போட்டேன்" என்றாள் அழகி.

ராஜலட்சுமிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மதினி?"

அட்டையை டாக்டரிடம் நீட்டியபோது, "வீட்டுல தெரியாமக் குடுத்துட்டோம்" என்றுதான் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை. பின்னால் நின்ற அழகி உடைந்துபோய் முன்னால் வந்தாள்.

"அவ இல்ல டாக்டர். நாந்தான். அவளத்தான் நான் வாய்க்கு வந்தபடி பேசுனேன்."

உடம்பில் தங்கிய கீமோ மருந்து இறங்கப் பத்து நாளானது. அன்று விடியலில் ரகுநாத் தெளிவாகக் கண் விழித்தான்.

"அந்த ஈரச்சேலைக்காரி இப்பல்லாம் வாரதில்ல."

கட்டில் ஓரத்தில் அழகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜலட்சுமி கஞ்சிக் கிண்ணத்தை அவள் கையில் வைத்தாள்.

"இனிமே வரமாட்டா. நீங்களே ஊட்டிவிடுங்க, மதினி."